குளிருக்குத் தப்பி எந்தக் கடலுக்கு? வேலூரிலிருந்து சில குறிப்புகள்

2024 நவம்பர் 10, காலை. வாசகர் கேள்வி

நான் குடியாத்தத்துக்காரன். டொராண்டோ பக்கம் குடியேறி ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, ஐந்து வயது. நவம்பரில் வீட்டுக்குள் அடைந்தால் ஏப்ரலில்தான் வெளியே வருகிறோம். இந்த வருடம் கட்டாயம் ஒரு வாரமாவது வெயிலும் கடலும் வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். இங்கே எல்லோரும் மெக்சிகோ, கியூபா என்று போகிறார்கள். நாலு மணி நேரத்தில் போய்விடலாம். நானோ, அதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ஊருக்கே வந்துவிடலாமே என்று யோசிக்கிறேன். ஆனால் நம் கடல் ஆபத்தானது, அழுக்கானது, பிள்ளைகளுக்கு ஆகாது என்கிறார்கள். டிசம்பர் விடுமுறை இரண்டு வாரம் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 10, இரவு

டிசம்பர் வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

நானும் பிராம்டனில் பத்து வருடம் இருந்துவிட்டு 2019-இல் காட்பாடிக்குத் திரும்பியவள். அந்தக் குளிரை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். பள்ளி விட்டு வந்து பால் குடித்து முடிப்பதற்குள் இருட்டு. என் மகள் நாலு வயதில், "அம்மா, இது இன்றைய இரவா, நேற்றைய இரவா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஆனால் நமக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் புயல் எழும் காலமே அதுதான். வர்தா 2016 டிசம்பரில் வந்தது, மாண்டஸ் 2022 டிசம்பரில் மாமல்லபுரத்தருகே கரையேறியது, மிக்ஜாம் 2023 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்தது. விமான டிக்கெட்டும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அவ்வளவு கொடுத்து வந்து, ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். பொங்கலை ஒட்டி ஜனவரியில் வாருங்கள், கடல் நன்றாக இருக்கும்.

வழியும் எளிது. வேலூரிலிருந்து வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று போனால் மாமல்லபுரம். ஏறத்தாழ 140 கிலோமீட்டர். விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டால் எட்டு மணிக்குள் மணலில் நிற்கலாம்.

2024 நவம்பர் 11

வெயிலைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று தொலைபேசியில் உங்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். நம் தோலுக்கு வெயில் புதிதல்ல.

2024 நவம்பர் 13

மெக்சிகோ போனதில்லையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். போயிருக்கிறேன். 2017 மார்ச் விடுமுறையில் கான்கூன் போனோம், ஏழு நாள். அந்தக் கடலைக் குறை சொல்லவே மாட்டேன். மணல் அரிசிமாவு போல வெள்ளையாக இருக்கும். நாங்கள் இருந்த இடத்தில் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு வெகுதூரம் அமைதியாகப் போனது. ஐந்து வயது மகனைத் தனியாக உட்காரவைத்துவிட்டு நான் நாலடி தள்ளி உட்கார முடிந்தது. சாப்பாடு, அறை எல்லாம் ஒரே கட்டணத்துக்குள். சமைக்க வேண்டியதில்லை, பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. பத்து வருட வெளிநாட்டு வாழ்வில் நான் முழுதாகத் தூங்கிய ஒரே வாரம் அதுதான். இதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும்.

நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு மணலில் உட்கார்ந்து அம்மாவை அழைத்தேன். இங்கே பள்ளிகொண்டாவில் மாலை ஐந்தரை. விளக்கேற்றும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பேச ஆரம்பித்ததுமே அம்மா நிறுத்தினார்.

"என்ன அது, இரைச்சல்? லாரி போகிறதா?"

"கடல் அம்மா."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பிறகு, "இப்படியா விடாமல் இரையும்?" என்றார். கைபேசியை அலையின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திரும்பக் காதில் வைத்தபோது அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

என் அம்மாவுக்கு அப்போது 66 வயது. பள்ளிகொண்டாவில் பிறந்து, பள்ளிகொண்டாவிலேயே வாழ்க்கைப்பட்டவர். எங்கள் ஊர்க் கோயிலில் உத்தர ரங்கநாதர் பாற்கடலில் பள்ளிகொண்டிருக்கிறார். வாரம் தவறாமல் அந்தப் பெருமாளைச் சேவித்தவர், உண்மையான கடலை அதுவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆறு பேருக்குச் சமைத்து, மாடு கறந்து, நிலத்துக்குப் போய்வந்த பெண்ணை யார் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள்? சென்னைக்கே இரண்டு முறைதான் போயிருக்கிறார். இரண்டும் ஆஸ்பத்திரிக்கு.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. அப்பா கடிதத்தின் பின்புறம் "வடஆற்காடு மாவட்டம்" என்று எழுதுவார். அந்தப் பெரிய மாவட்டத்துக்குக் கடற்கரை ஒரு அடிகூடக் கிடையாது. தென்னாற்காட்டுக்குக் கடலூர் இருந்தது, எங்களுக்குப் பாலாறுதான். அதிலும் தண்ணீர் வருடத்தில் சில நாள் வந்தால் உண்டு. மாலையில் ஆற்று மணலில் உட்கார்ந்து, ஊற்றுத் தோண்டி விளையாடியதுதான் எங்களுக்குக் கடற்கரை.

தம்பி, உங்கள் கேள்வியில் மனைவி இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். குடியாத்தத்தில் இருக்கும் உங்கள் அம்மா கடலைப் பார்த்திருக்கிறாரா? அதைக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

2024 நவம்பர் 14

11-ஆம் தேதி நான் எழுதியது தவறு. வேலூரில் தோல் மருத்துவம் பார்க்கும் தோழி படித்துவிட்டு உடனே அழைத்தாள். டொராண்டோவில் டிசம்பரில் புற ஊதாக் குறியீடு 1 அளவில்தான் இருக்கும். நம் பக்கம் மார்ச் நடுப்பகலில் அது 10-ஐத் தாண்டிவிடும். ஐந்து மாதம் கம்பளிக்குள் இருந்த பிள்ளைத் தோல், நிறம் எதுவானாலும் எரியும், உரியும். யோசித்துப் பார்த்தால் 2018-இல் ஊருக்கு வந்து அம்மாவைக் கடலுக்கு அழைத்துப் போனபோது என் மகனுக்குக் கழுத்துப் பின்புறம் கொப்பளித்தது. வியர்க்குரு என்று நினைத்துச் சந்தனம் தடவினேன். கடலில் காலை பத்துக்கு முன்பும் மாலை நாலுக்குப் பின்பும் மட்டும் இறக்குங்கள். முழுக்கைச் சட்டை, தொப்பி, களிம்பு மூன்றும் வேண்டும்.

2024 டிசம்பர் 2

ஃபெஞ்சல் புயல் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் நின்று கொட்டித் தீர்த்துவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். நேற்றுத் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டின் மேல் விழுந்து குழந்தைகளோடு ஒரு குடும்பமே புதைந்திருக்கிறது. எங்களுக்கு அந்த ஊர் இரண்டு மணி நேரப் பயணம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி போகிற ஊர். விக்கிரவாண்டி பக்கம் பாலத்தைத் தொட்டு வெள்ளம் போகிறது, ரயில்களை நிறுத்திவிட்டார்கள்.

கடல் பயணத்தைப் பற்றி இன்று பேச மனம் வரவில்லை.

2024 டிசம்பர் 19

குடியாத்தம் தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 71 வயதாம். கேட்டதற்கு, "எனக்கு எதற்குக் கடல், நீங்கள் வந்தால் போதும்" என்றாராம். இல்லை என்பதை நம் அம்மாக்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

2025 ஜனவரி 17

இன்னொரு திருத்தம். பொங்கலை ஒட்டி வாருங்கள் என்று முதல் நாள் எழுதியிருந்தேன். அதையும் மாற்றிக்கொள்கிறேன்.

நேற்றுக் காணும் பொங்கல். மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் மணல் தெரியாத கூட்டம். தண்ணீரில் யாரையும் இறங்க விடாமல் தடுப்புக் கட்டிப் போலீசார் நிற்பார்கள். அது சரியான ஏற்பாடுதான், கூட்டத்தில் ஒரு குழந்தை கை நழுவினால் கண்டுபிடிப்பது கடினம். வேலூர்க்காரர்கள் கோட்டைக்கும் அமிர்திக்கும் ஏலகிரிக்கும் போனார்கள், நாங்களும் கோட்டை மைதானத்தில் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டோம்.

கூட்டம் மட்டும் காரணமல்ல. ஜனவரியிலும் வாடைக்காற்றின் வேகம் முழுதாக அடங்குவதில்லை, அலை உயரமாகவே வருகிறது. பிப்ரவரி பாதிக்கு மேல், மார்ச்சில் கடல் தணிந்திருக்கும். வேலூரிலும் வெயில் இன்னும் உச்சத்துக்குப் போயிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் போகாது, நல்ல மீன் கிடைப்பதும் அரிதாகிவிடும். ஆகவே மார்ச்.

2025 ஜனவரி 18

கழிப்பறை, உடை மாற்றும் இடம், நீர் தெளிப்பான் எல்லாம் ஒழுங்காக உள்ள கடற்கரை எது என்று ஒரு சகோதரி கேட்கிறார். மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குக் கொடுக்கும் சர்வதேச நீலக் கொடிச் சான்றை 2021-இல் பெற்றது. அதே வருடம் புதுச்சேரியில் சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரைக்கும் கிடைத்தது. நம் கடல் எல்லாம் அழுக்கு என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கூடவே ஓர் எச்சரிக்கை. "கடற்கரை விடுதி" என்று படம் போட்டிருந்த ஓரிடத்தில் முன்பணம் கட்டிவிட்டுப் போனோம். கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. முதியவர்களோடு போகிறவர்கள், அறையிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி நடக்க வேண்டும் என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

2025 பிப்ரவரி 17

டொராண்டோவில் அடுத்தடுத்து இரண்டு பனிப்புயல். தம்பி அனுப்பிய படத்தில் கார் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளை மேடுதான் தெரிகிறது. டிக்கெட் போட்டுவிட்டாராம், மார்ச் 7 புறப்பாடு. ஒரு நிறுத்தத்தோடு வந்தால் வீடு சேர முழுதாக ஒரு நாள் பிடிக்கும். கடிகாரமும் இங்கே முன்னால் ஓடும். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் நடு இரவில் விழித்துக்கொண்டு சோறு கேட்பார்கள். வந்த மறுநாளே கடலுக்குக் கிளம்ப வேண்டாம்.

நாள்காட்டியைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஒன்டாரியோ பள்ளிகளின் மார்ச் விடுமுறை 10 முதல் 14 வரை. மாசி மகம் 12-ஆம் தேதி. இதைவிட நல்ல நாள் அமையாது. மாசி மகத்துக்குச் சாமிகளே கடலாட வருவார்கள். மாமல்லபுரத்தில் இருளர் மக்கள் பல மாவட்டங்களிலிருந்தும் முன்கூட்டியே வந்து, மணலில் சேலையும் தார்ப்பாயும் கட்டித் தங்கியிருப்பார்கள். நம் ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பக்கத்துக் குடும்பங்களும் அதில் உண்டு. கன்னியம்மனுக்கு மணலிலேயே படி கட்டி, பூவும் பழமும் வைத்துக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, திருமணம், காது குத்து எல்லாம் அந்தக் கரையிலேயே நடக்கும். கடலில்லாத மாவட்டத்திலிருந்து கடலுக்குப் போகும் வழக்கத்தை விடாமல் காத்துவருகிறவர்கள் அவர்கள்தான். பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். ஆனால் அனுமதி கேட்காமல் முகத்துக்கு நேராகப் படம் எடுக்க வேண்டாம். அது அவர்கள் கோயில்.

இனி ஆபத்தைப் பற்றி. நீங்கள் கேட்டது சரியான கேள்வி, நான் இதுவரை தள்ளிப்போட்டுவிட்டேன். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள். பார்க்க மட்டும்தான் அந்த இடம். நம் கரையில் அடியிழுப்பு உண்டு. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவே ஓரிடம் மட்டும் நுரை இல்லாமல் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரியும். தெரியாதவர்கள் அங்கேதான் இறங்குவார்கள், கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் பாதை அது. இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும். குழந்தைக்கு முழங்கால் ஆழம் போதும். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு வையுங்கள், அந்தப் பெரியவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது. கான்கூனில் நாலடி தள்ளி உட்கார்ந்தேன் என்று எழுதினேன் அல்லவா, அதை இங்கே செய்யாதீர்கள்.

2025 பிப்ரவரி 18

2018-இல் அம்மாவை எங்கே அழைத்துப் போனீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

சதுரங்கப்பட்டினத்துக்கு. கல்பாக்கத்தை ஒட்டிய ஊர், டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது. மாமல்லபுரம் போக வேண்டும் என்றுதான் கிளம்பினோம். வழியில் அம்மா, "நம் பாலாறு எங்கே போய்ச் சேருகிறது?" என்று கேட்டார். நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கிறது என்று மகள்தான் படித்துச் சொன்னாள். "அப்படியானால் அங்கே போ" என்றார் அம்மா. என் வாழ்நாளில் அவர் தனக்கென்று ஓரிடம் கேட்டது அதுதான் முதல் முறை.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தில் காரை ஓரங்கட்டினோம். அங்கேயும் பெரும்பாலும் மணல்தான், நடுவில் கொஞ்சம் தண்ணீர். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நம்மிடம் இருக்கும் அதே மணல்" என்றார். முகத்துவாரத்தில் இறங்கவில்லை. ஆறு கலக்கும் இடத்தில் தரை சட்டென்று பள்ளமாகிவிடும், யாரும் இறங்கக் கூடாது. திரும்பிச் சதுரங்கப்பட்டினத்துக் கரைக்குப் போனோம்.

முதல் அலை கணுக்காலைத் தொட்டுத் திரும்பும்போது காலடி மணல் சரிந்தது. அம்மா கத்திவிட்டார். ஆறு வயது மகன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "ஆயா, அலையைப் பார்த்து நேராக நிற்காதே. பக்கவாட்டில் நில். குதிகாலை உள்ளே புதைத்துக்கொள்" என்று தமிழும் ஆங்கிலமுமாகச் சொல்லிக்கொடுத்தான். கான்கூனில் கற்றுக்கொண்டது. ஐந்தாவது அலைக்கு அம்மா அசையாமல் நின்றார். குனிந்து ஒரு கை நீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். மிச்சத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார். "இவ்வளவு உப்பா!"

பிராம்டனில் பனி உருகச் சாலைக்கு உப்புக் கொட்டுவார்கள். குளிர்காலம் முழுக்க எங்கள் காலணிகளைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அலுத்துப்போவேன். அன்று வீடு திரும்பிக் கொடியில் காயப்போட்ட அம்மாவின் நூல் சேலையில், முழங்கால் உயரத்தில் அதே வெள்ளைக் கோடு. அம்மா அந்தச் சேலையை ஒரு வாரம் துவைக்கவில்லை.

2025 மார்ச் 13

நேற்றுப் போய்வந்தோம். தம்பி குடும்பம், அவர் அம்மா, என் அம்மா, நான், என் மகன். விடியலில் மாமல்லபுரத்தில் இருளர் கூடாரங்களுக்கு நடுவே நடந்தோம். மணற்படிகளில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தம்பியின் ஒன்பது வயது மகள் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே வந்தாள். மகத்துக்கு அங்கே கூட்டம் ஏறும் என்பதால் எட்டு மணிக்கே சதுரங்கப்பட்டினம் போய்விட்டோம்.

குளிரிலிருந்து வந்த சின்னவனுக்கு முதலில் மணலே பிடிக்கவில்லை. வெறுங்காலோடு வெளியே நிற்பது அவனுக்குப் பழக்கமில்லை, காலணி வேண்டும் என்று அழுதான். அரை மணி நேரம் அப்பாவின் தோளிலேயே இருந்தான். யாரும் வற்புறுத்தவில்லை. ஒரு நண்டு வளையைக் கண்டதும் தானாக இறங்கினான், பிறகு அவனைக் காருக்குள் ஏற்றத்தான் பாடுபட்டோம்.

தம்பியின் அம்மா கரையில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். "நான் இங்கிருந்தே பார்க்கிறேன், நீங்கள் போங்கள்." மகன் கூப்பிட்டான், மருமகள் கூப்பிட்டாள். எழுந்திருக்கவில்லை. என் அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நீருக்கு நடந்தார்கள். நானும் தம்பியும் இரண்டு பக்கமும் போய் நின்றுகொண்டோம்.

"நேராக நிற்காதீர்கள்," என்றார் என் அம்மா. "பக்கவாட்டில். குதிகாலைப் புதைத்துக்கொள்ளுங்கள்."

என் மகனுக்கு இப்போது 13 வயது. கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அலை வந்தது, போனது. "இதுதான் எங்கள் பாலாறு வந்து சேரும் கடல்" என்று என் அம்மா சொல்ல, குடியாத்தத்து அம்மா விடவில்லை. "எங்கள் கவுண்டின்ய ஆறு பாலாற்றில்தானே விழுகிறது? அப்படியானால் எங்களுடையதும்தான்" என்றார்.

2025 மார்ச் 15

பஸ்ஸில் போக வழி கேட்டவருக்கு: வேலூரிலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து செங்கல்பட்டு, அங்கிருந்து மாமல்லபுரம். சதுரங்கப்பட்டினம் போக மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் பக்கம் போகும் பஸ் பிடியுங்கள். முதியவர்களுக்கு மாற்றுச் சேலை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துப் போங்கள். நாங்கள் ஒன்றுதான் எடுத்துப் போனோம், இரண்டாம் முறை இறங்குவார்கள் என்று நினைக்கவில்லை.